மருந்துத் தண்ணீர்

செவ்வாய், இரவு.

மேரியக்காவின் ஸ்லைடை இன்று மைக்ரோஸ்கோப்பில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கர்ப்பப்பை வாயில் எடுத்த செல்களில் சிலவற்றுக்கு மட்டும் உட்கரு பெருத்திருக்கிறது. புற்றுநோய் என்று எழுத முடியாது. ஒன்றுமில்லை என்றும் கை எழுத மறுக்கிறது. அவரையே வரவழைத்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்தார்.

"டெஸ்டுக்கு முன்னாடி உள்ள ஏதாவது போட்டீங்களாக்கா?"

"மீன் நாத்தத்தோட எப்படிம்மா வந்து படுக்கறது? மருந்துத் தண்ணி ஊத்தி நல்லா கழுவிட்டுதான் வந்தேன்."

அந்த மருந்து பட்ட எரிச்சலில் செல்கள் அப்படி ஆகியிருக்கலாம். இல்லாமலும் போகலாம். ஈஸ்டர் கழித்து, கழுவாமல் வரச் சொன்னேன். அதுவரை அந்தச் செல்கள் சும்மா இருக்க வேண்டும்.

"அப்படியே வந்தா மூஞ்ச சுளிக்க மாட்டீங்களே?"

மாட்டேன் என்றேன். போன முறை சுளித்தது யார் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. டெஸ்ட் எடுக்கும் அறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான்.