எண்பது நாற்காலிக்கு இரண்டு பீரோ

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதக் கை தானாகப் போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் எழுதினால் பொய். உன் அப்பாவுக்கு முன்பல் இரண்டு போய்விட்டன, எதையும் கரைத்துத்தான் குடிக்கிறார். உன் அக்கா யாரோடும் பேசுவதில்லை. மாப்பிள்ளை பதினொரு நாளாக உள்ளே இருக்கிறார். நம் கச்சேரி ஹாலுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவருக்கு இடது கண் போனது போனதுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இதெல்லாம் போனில் உனக்குச் சொன்னதுதான். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த மனுஷனை அடித்தது மாப்பிள்ளை இல்லை, நான். இன்று மதியம் ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொல்லப் போகிறேன். அதற்குள் உனக்கு எழுதி முடித்துவிட வேண்டும்.

போன கடிதத்தில் நீ, எழுபது பேர் உட்காரும் இடம் ஒன்று பிடித்திருக்கிறேன், வாரம் மூன்று நாள் கச்சேரி வைக்கப் போகிறேன், எவ்வளவு பெரிய சவுண்டு சிஸ்டம் போடட்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய். கேட்டுவிட்டு நீயே பதிலும் எழுதியிருந்தாய், பதினெட்டு இஞ்ச் பேஸ் பாக்ஸ் இரண்டு, பெரிதாக இருந்தால் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று. அப்படியே உன் அப்பா பேச்சு. ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம் ஒன்றை மூடினார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் அங்கிருந்த இரண்டு பேஸ் பாக்ஸையும் அள்ளிக்கொண்டு வந்தாரே, நீ படம்கூடப் பார்த்தாய். ஒவ்வொன்றும் துணி வைக்கிற பீரோ அளவு. நாங்களும் பீரோ என்றேதான் கூப்பிட்டோம். மேடையின் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்றாக நிறுத்தி அவர் அவற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. நம் ஹால் நாற்பது அடி நீளம், இருபத்திரண்டு அடி அகலம், எண்பது நாற்காலி. மாப்பிள்ளை டிரம்ஸ் வாசித்தால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்காரன் காதைப் பொத்துவான். பாடுகிறவர் குரல் அந்த டிரம்ஸுக்கு ஒரு முழம் மேலே ஏறினால் போதும், அதற்குப் பழைய பன்னிரண்டு இஞ்ச் பாக்ஸ் இரண்டே தாராளம். இது எனக்குத் தெரியும். இருபது வருஷமாக மிக்ஸரில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறவள் நான். தெரிந்தும் சும்மா இருந்தேன், ஏனென்றால் பீரோ வந்ததும் ஹாலுக்கு ஒரு கம்பீரம் வந்த மாதிரி எனக்கும் இருந்தது.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். ஹாலுக்கு நட்ட நடுவில், தூணுக்குப் பக்கத்தில்தானே என் மிக்ஸர் மேஜை. பீரோ வந்த நாளிலிருந்து எனக்கு அங்கே பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், சரியாகக் கேட்கவே இல்லை. இவ்வளவு பெரிய பாக்ஸ், இவ்வளவு சின்ன சத்தமா என்று ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஏற்றிய இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு வேறு போட்டு வைத்தேன். மாடி டிரைவருக்கு விடிவதற்கு முன்னால் முதல் வண்டி எடுக்கிற வேலை, ஏழு மணிக்கே படுத்துவிடுவார், நம் கச்சேரி ஆரம்பிப்பதும் ஏழு மணிக்கு. முதல் தடவை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மரியாதையாகத்தான் வந்தார். அக்கா, பாட்டு எனக்குப் பிரச்சினை இல்ல, அந்தத் தும்தும்தான், படுத்தா நெஞ்சுக்குள்ள ஏறி மிதிக்குது என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. இங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க, எங்க இருக்கு தும்தும் காட்டுங்க என்றேன். பாவம், அவரும் வந்து நின்றார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல அக்கா, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் மரியாதை இரண்டு பக்கமும் போய்விட்டது. அவர் மேலிருந்து இரும்பால் தரையை இடிப்பார், காரை பெயர்ந்து பாடுகிறவர் தலையில் கொட்டும், நான் இன்னும் ஏற்றுவேன். ஒருநாள் மெயின் ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டார். உன் அப்பா அவரைச் சட்டையைப் பிடித்துப் படியில் தள்ளி, முட்டி பெயர்ந்து ரத்தம், அந்த முட்டியோடுதான் அடுத்த நாள் பிரேக் மிதித்தார். இன்னொரு நாள் அவர் பெண்டாட்டி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு வாய் கிழியக் கத்தினாள், தூக்கமில்லாம வண்டி ஓட்டறாரு, அறுபது பேரு உசுரு அந்த வண்டியில இருக்கு, உங்க பாட்டுல இடி விழ என்று. நான் கதவைச் சாத்தினேன். அந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது பாட்டு நடக்கும்போதே அவர் வந்துவிட்டார், பனியனோடு, கையில் பஸ் சக்கரம் கழற்றும் ஸ்பேனர், அது ஒரு கை நீளம் இருக்கும். நேராகப் போய் இடது பீரோவின் வாயைக் குத்திக் கிழித்தார், குத்திக்கொண்டே இருந்தார், உயிருள்ள எதையோ கொல்கிற மாதிரி. பாடுகிற பெண் மைக்கைப் போட்டுவிட்டு ஓட, அது விழுந்த சத்தம் பாக்கியிருந்த பீரோவில் வெடிக்க, ஜனங்கள் நாற்காலியோடு நாற்காலியாக உருண்டு வாசலில் மிதிபட்டார்கள். தடுக்கப் போன உன் அப்பாவுக்கு ஸ்பேனர் பின்னால் வீசியதில் வாயில் விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், விரல் சந்தில் எல்லாம் ரத்தம். மாப்பிள்ளை டிரம்ஸைத் தாண்டிக் குதித்து அந்த ஆளை இடுப்போடு கட்டிப்பிடித்தார், அடிக்கவில்லை, பிடித்தார், அண்ணே போதும்ணே போதும்ணே என்று கெஞ்சிக்கொண்டே பிடித்தார். நான் மைக் ஸ்டாண்டைத் தூக்கினேன். அடியில் வட்டமாக வார்ப்பிரும்பு இருக்குமே, அந்தப் பக்கத்தால் பின்னாலிருந்து தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். அந்த ஒரு அடியிலேயே ஸ்பேனர் கீழே விழுந்துவிட்டது, ஆளும் முட்டி போட்டுவிட்டார். அதோடு முடிந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். யார் அடித்தது என்று அவர் திரும்பிப் பார்த்தார், வெறும் கையோடு. நான் முகத்தில் அடித்தேன்.

ஏன் அடித்தாய் என்று கேட்காதே, பதினொரு நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷம் மிக்ஸரில் உட்கார்ந்தவளுக்குக் காது கேட்கவில்லை என்று ஒருத்தன் சொல்லாமல் சொல்லிவிட்டான், அந்த ஆத்திரம்தான், வேறென்ன. மாப்பிள்ளை என் கையிலிருந்து ஸ்டாண்டை வாங்கிக்கொண்டார். போலீஸ் வந்தபோது அது அவர் கையில்தான் இருந்தது. யார் என்று கேட்டார்கள். என் பக்கம் பார்க்காமலே நான்தான் சார் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா அந்த ரத்த வாயோடு என் காதில், அவன் சின்ன வயசு தாங்கிப்பான், வக்கீல் பார்த்துப்பாரு, நீ சும்மா இரு என்றார். டிரைவருக்கு அந்த நேரம் நடந்தது ஒன்றும் ஞாபகமில்லையாம், மற்றவர்கள் எல்லாம் அப்போது வாசலில் முண்டிக்கொண்டிருந்தார்கள். நான் இப்படியே சும்மா இருந்துவிட்டால் கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாது.

முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், எந்த முகத்தோடு என்று கேட்காதே. டிரைவர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதான் அன்னைக்கு விலக்கி விட்டீங்களாமே அக்கா, இல்லன்னா உசுரே போயிருக்கும்னாங்க என்று அழுதாள். மாற்றுத் துணி எடுத்து வரச் சொல்லிச் சாவியையும் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மாடி அறைக்கு அன்றுதான் ஏறினேன். ஒரே அறை. ஜன்னல் சந்தில் எல்லாம் பஞ்சு அடைத்திருக்கிறது. கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் பழைய டயரை வெட்டி மூன்று மூன்றாக அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே உன் அப்பா, கிழிந்த பீரோவைச் சரிபண்ண வந்த ஆளுக்காக, அன்றைய பாட்டின் ரெக்கார்டிங்கைப் போட்டார், என் சிவப்புக் கோட்டில் வைத்து. எனக்குத் தாடை ஆடியது சின்னவனே. பாட்டு காதில் விழவே இல்லை, வெறும் இடி, கட்டிலிலிருந்து முதுகெலும்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து அடித்தது. சுவரில் கண்ணாடி கடகடவென்று மோதியது. ஒரு பாட்டு முழுக்கப் படுத்துப் பார்த்தேன், எழுந்தபோது வாந்தி வந்தது. கீழே இறங்கி என் மேஜையில் நின்றேன், ஒன்றுமில்லை, சாதுவாக இருந்தது. அங்கிருந்து பின்சுவர் வரை நடந்து போனேன், வயிற்றில் குத்துவிட்ட மாதிரி விழுந்தது. சரிபண்ண வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ரூமுக்கு நட்ட நடுவுல பேஸ் செத்துப்போகும்மா, மூலையில வச்சா வீங்கும், அங்க போய் யாராவது மேஜை போடுவாங்களா என்றார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். வாட்ஸ் எத்தனை என்று கடைக்காரன் வாயைப் பார்க்காதே. டிரம்ஸ்காரரை வெறுமனே வாசிக்கச் சொல், குரல் அதற்கு மேலே தெளிவாக வர என்ன வேண்டுமோ அதுதான் உன் அளவு, அதற்கு மேல் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தால் போதும். பன்னிரண்டு இஞ்ச் இரண்டு, ஆள் தலைக்கு மேலே உயரமாக, சுவரைப் பார்க்காமல் ஜனத்தைப் பார்த்து. பேஸ் பாக்ஸ் கட்டாயம் என்றால் சின்னதாக ஒன்று, மூலையில் வேண்டாம். காலி அறையில் கேட்டு முடிவு பண்ணாதே, ஆள் நிறைந்தால் சத்தத்தை உடம்பே குடித்துவிடும். மிக்ஸரை நடுவில் போடாதே, போட்டாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து நட. உனக்கும் மாடி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பாக்ஸ் வாங்கும் முன்னால் வாடகைக்கு எடுத்து ஓட விட்டு, அவர்களிடம் கேட்டு, அவர்கள் கட்டிலில் படுத்துப் பார்.

ஸ்டேஷனில் என்ன செய்வார்கள் என்று தெரியாது. மாப்பிள்ளையை வெளியே விட இரண்டு மூன்று நாள் ஆகும் என்று வக்கீல் சொல்கிறார். உன் அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், என்னை அறைந்தாள், வாங்கிக்கொண்டேன். நீ கிளம்பி வராதே, உன் வேலையைப் பார். உன் ஹால் நிறையட்டும், நீயும் நிறைவாக இரு, உன் கை யார் மேலும் ஓங்காமல் இருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அன்று போனில் நீ கத்தினாயே, அந்த ரவுடியை அக்கா விட்டுட்டு வரட்டும், அவனெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்கவே கூடாது என்று, அப்போது நான் ஆமாம்டா என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நீயே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். அம்மா ஆமாம் என்று சொன்னதையும் அவரிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா