இரண்டாவது கட்டை

என் அருமை அப்பாவுக்கு,

திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பிரஜைகள் சகலருக்கும், மேலுலகம் போய்விட்ட தங்களுக்கு விசேஷமாகவும், இதனால் அறிவிப்பது என்னவென்றால்: எனக்கு மீசை முளைத்துவிட்டது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. "மீசையும் இல்ல, மண்ணும் இல்ல. கரிலாரிப் புகை. சோப்பு போட்டுக் கழுவுலே" என்கிறாள் அம்மா. வழக்கு நிலுவையில் இருக்கிறது.

கரிலாரி என்றால் நம் லாரிதான். யுத்தத்தால் பெட்ரோல் கிடைப்பதில்லை. பொன்முடித் தோட்டத்துத் தேயிலை லாரி இப்போது கரி தின்று ஓடுகிறது. காய்ச்சலில் நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் பார்த்த கிளீனர் வேலையை இந்த மழைக்காலத்திலிருந்து நான் பார்க்கிறேன். டிரைவர் அதே பாஸ்கரன் அண்ணன்தான்.

வேடிக்கை போதும். போன வியாழக்கிழமை நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி. மழை. பனிமூட்டத்தில் சாலையே தெரியவில்லை. தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்து மாரியம்மாளைப் படுக்க வைத்திருந்தோம். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவள், தலைப்பிரசவம். முந்தின நாளிலிருந்தே வலி. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். புருஷன் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, மெள்ளமா போகச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். அடுத்த மூச்சிலேயே, "சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பெரிய வளைவு உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது ஒரே மூச்சில் லாரி திரும்பாது. மூக்கைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கிளீனர் குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்த பிறகுதான் பின்னால் எடுக்க வேண்டும். குதித்தேன். வைத்தேன். லாரி நிற்கவில்லை.

"எடா, பிரேக் பிடிக்குந்நில்லடா!" என்று பாஸ்கரன் அண்ணன் அலறினார். சேற்றில் கட்டையையும் தள்ளிக்கொண்டு சக்கரம் வந்தது. விளிம்புக்கு ஒரு முழம்தான் பாக்கி. மாரியம்மாள் எழுந்து இறங்குகிற நிலையில் இல்லை. அவள் புருஷனும் இறங்கவில்லை. லாரிப் படிக்குக் கீழே கயிற்றில் தொங்கிய இரண்டாவது கட்டையை எட்டிப் பிடித்தேன்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன் அப்பா. மூச்சு வாங்குகிறது.

நீங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பெற்ற அப்பாவின் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆனாலும் உங்களை உள்ளே விட மனமில்லை. ‘ஸ்டெப்னி’ என்று உங்களுக்குப் பேர் வைத்தேன். அசல் சக்கரம் பஞ்சரானால் மாட்டுகிற சக்கரம். சாலைக் கடைத்தெருப் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் காதுக்கு வராமலா இருந்திருக்கும்?

ஒரு நாள் லாரிக் கட்டை காணாமல் போயிற்று. எப்படி என்பது இன்றுவரை மர்மம். வளைவில் நீங்கள் ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தீர்கள். பெருவிரல் நகம் போயிற்று. விரலில் துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், புளியங்கட்டையைச் செதுக்க உட்கார்ந்தீர்கள்.

"இந்த முனையக் கொஞ்சம் பிடி மக்ளே" என்றீர்கள். பிடித்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்றை எடுத்தீர்கள்.

"எதுக்கு ரெண்டு?" என்றாள் அம்மா.

"ஒண்ணு ஸ்டெப்னி" என்றீர்கள், உளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்டெப்னி இல்லாம மலை ஏறப்படாது."

என் காது சுட்டது. அன்றைக்கு ஓர் அறை விட்டிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! ஏன் அப்பா விடவில்லை?

அதன் பிறகு லாரி கிளம்புமுன் இரண்டு கட்டையையும் ஒரு முறை தட்டிப் பார்ப்பீர்கள். எத்தனை வருஷம்! என்னைப் பார்க்கச் சொன்னதே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யாரும் சொல்லாமலே என் கை போய்த் தட்டிப் பார்த்தது.

சரி, வளைவுக்கு வருகிறேன். அந்த ஸ்டெப்னிக் கட்டையைச் சக்கரத்தடியில் அறைந்தேன். முதல் கட்டை பிளந்தது. இரண்டாவது அசையவில்லை. லாரி நின்றது. பாஸ்கரன் அண்ணன் பிரேக்கை ஒருவழியாகச் சரிக்கட்டி, முதல் கியரிலேயே ஊர்ந்து மலையிறக்கினார். இப்போது லாரி ஷெட்டில் எனக்குப் பேர் என்ன தெரியுமா? ஒற்றைக் கையால் லாரியை நிறுத்தியவன்! மாரியம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம்.

உங்களுக்கு ஒரு வாக்கு. நான் கிளீனராக இருக்கும்வரை இரண்டு கட்டை இல்லாமல் இந்த லாரி மலை ஏறாது. புளியங்கட்டை வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செதுக்குவேன். முனையைப் பிடிக்க அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஒற்றைக் கை சமாசாரம்... உங்களிடம் மட்டும் சொல்கிறேன். லாரி நின்ற பிறகும் கட்டையைப் பிடித்த இரண்டு கையும் விடவில்லை. பாஸ்கரன் அண்ணன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். சேற்றில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று அழுதேன். வலியில் துடித்துக்கொண்டிருந்த மாரியம்மாள் மேலேயிருந்து, "அழாதீங்க தம்பி, ஒண்ணும் ஆகல" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

அப்புறம், அந்த மர்மம். பழைய கட்டையைக் கிள்ளியாற்றில் வீசியது நான்தான். முனையைப் பிடிக்கச் சொன்னபோதே உங்களுக்குத் தெரியும், இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகனும் கடைசி மகனுமான
யோவான்