அம்மா தைத்த அரக்குக் கவுன்

12.6.2025
சங்கராபுரத்திலிருந்து தம்பி மனைவி அபிநயா வந்தாள். எட்டு மாத வயிற்றோடு, பஸ்ஸில், தனியாக. டீ குடித்து முடித்ததும் கேட்டாள். "அண்ணி, அத்த கையால தெச்ச ஒங்க சின்ன வயசு கவுன் இருக்குதாமே. எனக்குக் குடுங்க."
எதற்கு?
"சும்மாதான், அண்ணி."
சும்மாவா? சும்மா கேட்கவா கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்தாள்?

14.6.2025
கவுனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் கல்யாணப் புடவையை வெட்டித் தைத்தது. கரும்பு வெட்டப் போன இடத்தில், மத்தியானச் சோற்று நேரத்தில் தைப்பாள். தோகை அறுத்த விரல் - தையலெல்லாம் கோணல். எனக்குச் சின்னதானதும் தம்பி அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினான். அம்மா போனபின் எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.
தரமாட்டேன்.

17.6.2025
மறுபடியும் போன். அதே கவுன். அபிநயாவின் ஊர் கல்வராயன் மலையடிவாரம். அங்கே ஒருவர் போட்ட துணியை வைத்துச் செய்வினை செய்வார்களாம், மடிப்புக்குள் மந்திரித்த தகடு வைத்துத் தைப்பார்களாம். அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்ததுமே தவறிவிட்டன. என் மகள் நன்றாக வளர்கிறாள். கண் உறுத்தாதா?

21.6.2025
பக்கத்து வீட்டு ராஜாம்பாளிடம் அவள் மகளுக்குத் தைத்த பழைய சிவப்புக் கவுனை வாங்கி, அம்மாவுடையது என்று கொடுத்தனுப்பிவிட்டேன். யாரிடம் காட்டுகிறாள் வேலையை?

9.7.2025
தம்பி போன் செய்தான். "ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வெக்கறப்பதான் பாத்தேன். நான் போட்டுக்கினு சுத்துன கவுன் எனக்குத் தெரியாதாக்கா? அவகிட்ட சொல்லல."
எதற்குக் கேட்டாளாம் என்றேன்.
"ரெண்டு போயிட்ச்சில்ல. நல்லா வளந்தவங்க துணியத்தான் பொறந்தவொடனே சுத்தணுமாம். இன்னாத்துக்குன்னு சொல்லிக் கேட்டா பலிக்காதாம். அவ அம்மா சொன்னது."
அசலைக் கொடு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். வயித்துப் புள்ளக்காரியப் போயி இன்னா நெனச்சிட்டேன் - நாளைக்கு மொத பஸ்ஸுல போவணும்.

10.7.2025
நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள், விடியற்காலையிலேயே பிறந்துவிட்டது. பெண். ராஜாம்பாள் வீட்டுக் கவுனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அசலை நீட்டி, செய்ததைச் சொன்னேன்.
அபிநயா அழவில்லை, திட்டவில்லை. "அப்ப இது யாரு துணி?"
"பக்கத்து வூட்டுப் பொண்ணோடது."
"அந்தப் பொண்ணு இருக்குதா?"
"காலேஜ் போய்க்கினு இருக்குதும்மா."
"நெஜமா?"
நான் நீட்டிய கவுனை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். மடித்துத் தைத்த இடங்களையெல்லாம் விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்க நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டேன்.