வாக்கியப்படி சனிக்கிழமை

யூலை 13, ஞாயிறு

காலை முழுக்கத் தூறல். கொடியில் போட்ட உடுப்பு ஒன்றும் காயவில்லை. அறையைக் காலி செய்தேன்.

ஸ்டோர் அறைக்கு வந்தவை: மடக்குக் கட்டில், மருந்துப் பெட்டி, ரேடியோ, பஞ்சாங்கம், மூக்குக்கண்ணாடி, பழையதும் புதியதும். புத்தகங்களை மகள் நிர்மலா அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்கிவிட்டாள். அலுமாரி வாசலால் வராது. அது அங்கேயே நிற்கட்டும் என்று விட்டோம்.

நாளை டென்மார்க்கில் இருந்து ஒரு மாணவி வருகிறாள். லேனா. மூன்று கிழமை நம் வீட்டுப் பிள்ளையாக இருப்பாளாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அடுத்த வருஷம் பேத்தி ஆரணிக்கு அங்கே போக இடம் கிடைக்கும். வீடுகளைப் பற்றி அறிக்கை எழுதுவது, மாணவர் பரிமாற்றத்தைப் பார்க்கும் சாந்தினி மிஸ். இன்று வந்து எல்லாம் பார்த்தா. பிள்ளைக்குத் தனி அறை வேண்டும், யன்னல் வேண்டும், அறையோடு குளியலறை வேண்டும், பூட்டு வேண்டும். இந்த வீட்டில் அப்படி ஒரே ஓர் அறை. என்னுடையது.

"அங்கிளுக்கு ஒண்டும் பிரச்சினை இல்லையே?"

"அப்பா ஒண்டும் சொல்லமாட்டார், மிஸ்."

சரியாகத்தான் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி மனோவின் படத்தையும் கழற்றச் சொன்னாள் நிர்மலா. "மாலை போட்ட படம் அப்பா, அந்தப் பிள்ளை பயந்துபோகும்." இருக்கலாம். மனோவின் சேலை ஒன்றிலேயே சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஸ்டோரில் ஓர் ஆணி அடித்துவிட்டு எடுத்து வரலாம் என்று. அதற்குள் பூட்டுப் போடுகிறவன் வந்துவிட்டான். திறப்பு இரண்டு. ஒன்று பிள்ளையிடம், மற்றது சாந்தினி மிஸ்ஸிடம். வீட்டாரிடம் திறப்பு இருக்கக் கூடாதாம்.

ஆணி அடிக்கவில்லை.

யூலை 14, திங்கள்

மழை இல்லை. பிள்ளை வந்தாள். நல்ல உயரம்; வாசல் நிலையில் தலை இடிக்கும் என்று பயந்தேன், இடிக்கவில்லை. கை கூப்பி "வணக்கம், அம்மப்பா" என்றாள். ஆரணி பழக்கியிருக்கிறாள். நானும் கை கூப்பினேன். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல், ஆங்கிலத்தில், பயணம் எப்படி என்றேன். அவள் பதில் சொல்லும்போது நான் கேட்கவில்லை; அவளுடைய பெட்டி என் அறைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாதைக் குறைவு.

மனோ போனதில் இருந்து பின்னேரம் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பேன். இன்று சாமித் தட்டில் வைத்தேன். சாமிக்கு ஏற்கெனவே ஒரு விளக்கு எரிகிறது.

சமையலுக்கு வரும் சரஸ்வதி, மஹய்யாவவில் இருந்து வருகிறவள், ஸ்டோரில் தேங்காய் எடுக்க வந்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, ஒங்களயும் சாமானோட சாமானா அடுக்கிட்டாங்களா?"

சிரித்தேன். வேறென்ன செய்வது.

யூலை 15, செவ்வாய்

கண்டி டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் சனம். வாங்கியவை: பிரஷர் குளிசை, பற்பசை, திருக்கணித பஞ்சாங்கம்.

மனோவின் ஆட்டைத் திவசம், முதல் வருஷத் திவசம், இந்தக் கிழமை. ஆடித் தேய்பிறை, அபரபக்கத் தசமி. மகன் இல்லை; கொள்ளி வைத்ததும் நான், திவசம் செய்ய வேண்டியதும் நான். என்னிடம் இருந்த வாக்கிய பஞ்சாங்கப்படி சனிக்கிழமை வருகிறது. சரிபார்க்க மற்றதையும் வாங்கினேன். அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த காலத்துப் பழக்கம், எதையும் இரண்டு தரம் பார்ப்பது. திருக்கணிதப்படி ஞாயிறு. வாங்காமலே இருந்திருக்கலாம்.

நிர்மலாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது. சனிக்கிழமை எங்கள் முறை. ஐந்து வீட்டு மாணவரும் இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். கோழிக்குச் சொல்லியாகிவிட்டது. சாந்தினி மிஸ் அன்று இருந்து பார்த்துத்தான் அறிக்கை எழுதுவா.

"ஞாயிறு வைப்பம் அப்பா. அண்டைக்கு எல்லாரும் வான் பிடிச்சுக் கலகெதரப் பக்கம் மிளகுத் தோட்டம் பாக்கப் போகினம். ஆரணியும் போறாள். நான் போகேல்லை எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறன். வீடு அமைதியா இருக்கும். நானே சமைக்கிறன். அதுவும் பஞ்சாங்கம்தானே?"

"உன்ர அம்மா வீட்டில எப்பவும் வாக்கியம்தான்."

"எனக்கும் அவ அம்மாதானே, அப்பா."

"ஏலாது" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல் என்று தெரியவில்லை. நாலு வருஷம் சம்பள உயர்வைத் தராமல் வைத்திருந்த மேலதிகாரியிடம்கூட நான் சொல்லாத சொல். நிர்மலா என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பைகளைக் கழுவப் போனாள். கழுவிய சத்தம் பெரிதாக இருந்தது.

அறையைக் கொடுத்த கோபத்தை நாளில் காட்டினேனோ? மனோவுக்காகவா, எனக்காகவா? தெரியவில்லை. மனோ உயிரோடு இருந்தால் ஞாயிறு என்றிருப்பாள். அவளுக்குப் பஞ்சாங்கம் முக்கியமில்லை, சண்டை கூடாது.

யூலை 16, புதன்

வெயில். உடுப்பு காய்ந்தது.

நிர்மலா இரண்டு நாளாக "சாப்பாடு வைச்சிருக்கு" என்பதைத் தவிர என்னோடு பேசவில்லை. இல்லை, நேற்று பின்னேரத்தில் இருந்துதான். ஒரு நாள்.

ஆரணி ஓடி வந்தாள், சிரிப்பு அடங்கவில்லை.

"அம்மப்பா, லேனா சொல்றாள், தன்ர அலுமாரிக்குள்ள ஒரு அன்ரி இருக்கிறாவாம்!"

தன்ர அலுமாரி.

படத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாம். ஆரணி முன்னால்தான் நின்றாள். "அது அம்மம்மா" என்று மட்டும் சொன்னேன். "தெரியும், நான் சொன்னனான்" என்று போய்விட்டாள். பின்னேரம் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே பாட்டுக் கேட்டது. தட்டவில்லை. ஒரு கிழவன் ஓர் இளம் பெண்ணின் கதவைத் தட்டுவதா? நாளைக்கு ஆரணியிடம் சொல்லலாம்.

யூலை 17, வியாழன்

நிர்மலா சாந்தினி மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள், சனிக்கிழமைச் சாப்பாட்டை வேறு வீட்டுக்கு மாற்றலாமா என்று கேட்க. எனக்காகக் கேட்டாள். நான் ஸ்டோரில் இருந்தேன். போனைப் பலமாகப் போட்டிருந்தாள், எல்லாம் கேட்டது.

"மாத்துறதோ? ஏன் மாத்துறீங்க? இதைவிட என்ன வேணும் நிர்மலா! அந்தப் பிள்ளைகள் நடனம் பாத்திட்டுதுகள், பல்லேகல மைதானம் பாத்திட்டுதுகள். ஒரு வீட்டுக்குள்ள நடக்கிற உண்மையான கலாசாரம் எங்க பாக்கும்? கோழியை விடுங்கோ. சைவச் சாப்பாடே போடுங்கோ, இலையில. நான் அறிக்கையில தனியா எழுதுவன்."

நிர்மலா ஸ்டோர் வாசலுக்கு வந்தாள். அழுதிருந்தாளா, அல்லது அடுப்பங்கரைப் புகையா?

"கேட்டதுதானே, அப்பா. நீங்கள் சொன்ன சனிக்கிழமையே."

இப்போது சொல்லியிருக்கலாம், ஞாயிறு வைப்போம் என்று. சொன்னால், ஆரணிக்கு அந்தத் தனி வரி இல்லாமல் போகும். சொன்னால், அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாள். 

"ஓம்" என்றேன்.

யூலை 18, வெள்ளி

தூறல். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. வாங்கியவை: தர்ப்பை, எள்ளு, வாழையிலை, வெற்றிலை, ஐயருக்கு வேட்டி. கற்பூரம் வீட்டில் உண்டு.

மனோவுக்கு அம்பரெல்லாக் காய்க் கறி பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் அவள் அதைக் கண்டதே இல்லை. மாற்றலாகி இங்கே வந்தபிறகு பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் பழகியது. வேலியோரத்து மரம் அவள் வைத்தது. படையலில் அது இருக்க வேண்டும் என்று சரஸ்வதியைப் பறிக்கச் சொன்னேன். ஒரு கூடை பறித்தாள்.

நிர்மலா கூடையைப் பார்த்தாள். "புளிக்கும் அப்பா. அந்தப் பிள்ளையள் வாயில வைக்காதுகள். கறி கூடிப்போச்சு, பாத்திரமும் காணாது. உருளைக்கிழங்கு பால் விட்டு வைப்பம்."

ஓம்.

படத்தை ஆரணியே லேனாவிடம் வாங்கி வந்து முன் ஹோலில் வைத்தாள். தூசி துடைத்துப் பூ வைத்திருந்தது. நான் வைத்த பூ அல்ல. அந்தப் பிள்ளை வைத்ததாம்.

யூலை 19, சனி

ஒழுங்காக எழுத வேண்டும். 

காலையில் வான் வந்தது. மற்ற நாலு மாணவர், சாந்தினி மிஸ். பெண்பிள்ளைகளுக்குச் சேலை கட்டிவிட ஆரணியும் நிர்மலாவும் ஓடித் திரிந்தார்கள். ஹோலில் கதிரைகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் நானும் ஐயரும்.

சரஸ்வதி அடுப்பங்கரையில் இருந்து எட்டிப் பார்த்து, என் காதருகே: "அம்மா தெவசத்துக்கு மேட்ச் பாக்க வந்த மாதிரி கூட்டம் ஐயா. டிக்கெட் போட்டிருக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "கோவிச்சிக்காதீங்க" என்றாள்.

ஐயர் சங்கற்பம் தொடங்கினார். சாந்தினி மிஸ் கையைக் காட்டினா.

"ஐயர், கொஞ்சம் பொறுங்கோ. ஒரு பிள்ளைக்குச் சேலை இன்னும் கட்டி முடியேல்லை."

ஐயர் பொறுத்தார். நானும் தர்ப்பை போட்ட விரலோடு பொறுத்தேன்.

பிண்டம் வைக்கும்போது ஒரு பையன் ஏதோ கேட்டான். மிஸ் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினா: பாட்டிக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறார். எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். மனோவின் பெயரை ஐயர் சொன்னார், நானும் சொன்னேன். என் குரலில் அந்தப் பெயரைப் பல மாதமாக நான் கேட்கவில்லை. இறைத்தேன். கண் கலங்கியது, அது என் பாடு. சாந்தினி மிஸ் போனை உயர்த்திப் பிடித்தபடி:

"அங்கிள், இன்னொருக்கா ஊத்துங்கோ. இந்தப் பக்கம் பாத்து. வெளிச்சம் அங்கால விழுது."

ஐயரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், பரவாயில்லை என்பதுபோல.

ஊற்றினேன்.

முதலாவது அவளுக்கு. இரண்டாவது யாருக்கு?

முடிந்ததும் கை தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். நிர்மலா தட்டினாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. லேனா மட்டும் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள், அதைக் கண்டேன். எழுதத்தான் வேண்டும்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். உருளைக்கிழங்குக் கறி முடிந்துவிட்டது. பிண்டத்தைப் பேராதனைப் பாலத்தடிக்கு ஐயரே கொண்டுபோய் ஆற்றில் விடுகிறேன் என்றார், வானில் இடமில்லை. போகும்போது சாந்தினி மிஸ் என் இரண்டு கையையும் பிடித்து, "இந்த வருஷத்தில இதுதான் சிறந்த வீடு, அங்கிள்" என்றா. ஆரணி குதித்தாள். நிர்மலா நாலு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். களைத்த சிரிப்பு. அம்மாவின் சிரிப்பு.

அந்தச் சந்தடியில் லேனா படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மாலை கசங்காமல், தன் அறைக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அதன் இடம் அது என்று நினைத்திருப்பாள். சரிதானே. அதன் இடம் அதுதான்.

நான் ஹோல் கதிரைகளை எடுத்து அடுக்கினேன்.

யூலை 20, ஞாயிறு

திருக்கணிதப்படி இன்று.

விடிந்ததும் வான் வந்து எல்லோரையும் ஏற்றிப்போனது. நிர்மலாவும் போனாள். நேற்றே திவசம் முடிந்துவிட்டதே, அவள் ஏன் நிற்க வேண்டும்? சரஸ்வதிக்கு ஞாயிறு லீவு. வீடு நிர்மலா சொன்னதுபோலவே அமைதியாக இருந்தது. குருவிச் சத்தம், குழாய் சொட்டுவது. மழையும் இல்லை.

இப்படி ஒரு நாளைத்தான் அவள் எனக்குத் தந்தாள். தானே சமைக்கிறேன் என்றும் சொன்னாள்.

ஐயருக்குப் போன் எடுத்தேன். மற்றப் பஞ்சாங்கப்படி இன்றைக்கு என்று இழுத்தேன். அவர் சிரித்தார்.

"நேற்றே அவ திருப்தியாப் போயிட்டா, ஐயா. ரெண்டாந்தரம் கூப்பிட்டா எங்க வாறது எண்டு குழம்பிப்போவா."

மன்னிக்கவும் என்று வைத்துவிட்டேன்.

அம்பரெல்லாக் கூடை அப்படியே கிடந்தது. சில பழுத்துவிட்டன. சமைத்தேன். தோல் சீவி, கீறி, தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், கறுவா, கொஞ்சம் சீனி. மனோ செய்யும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன், கவனித்ததில்லை. படையல் என்பதால் ருசி பார்க்கவில்லை. சோறும் வைத்தேன். நேற்று மிஞ்சிய இலையில் நல்லதாக ஒன்று கழுவி எடுத்தேன்.

அறைக்குப் போனால் பூட்டு.

போகும்போது பிள்ளை பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பிழை இல்லை. வெளியால் சுற்றி யன்னலுக்குப் போனேன். வேலிப்பக்கம் சேறு. திரை இழுத்து மூடியிருந்தது. திரையில் பூப்போட்டது மனோதான்.

திரும்பி வந்து கதவுக்கு முன்னால், நிலத்தில் இலையைப் போட்டேன். சோறு, கறி, ஒரு கிண்ணம் தண்ணீர். விளக்கு வைக்கவில்லை, கதவு புதுப் பெயின்ட், கரி பிடிக்கும். முட்டியில் நோவு, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தேன். மந்திரம் ஒன்றும் தெரியாது. "ஞாயிறு என்று நீ சொல்லியிருப்பாய்" என்று மட்டும் சொன்னேன். கதவுக்குச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. வான் சத்தம் கேட்டது. நினைத்ததைவிட நேரத்தோடு வந்துவிட்டார்கள். இலை வாசலில் கிடந்தால் பிள்ளை தெரியாமல் மிதித்துவிடும். அவசரமாக மடித்து எடுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் கொட்டினேன். காகம் வந்ததா என்று நின்று பார்க்க நேரமில்லை. சட்டியில் கிடந்ததை வாயில் போட்டேன். உப்பில்லை.

நிர்மலா உள்ளே வந்தாள். மிளகு வாசம். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"தனிய இருந்தது அமைதியா இருந்திருக்கும் என்ன, அப்பா?"

ஓம் என்றேன்.