கப்பல் ஏறும்வரை

ஜூன் 8, ஞாயிறு

இல்லை, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவின் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி. நேற்று சேலத்தில் ரிப்போர்ட் வாங்கினோம். தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

நாளை மறுநாள் இருவரும் சென்னையில் கப்பல் ஏறுகிறார்கள். கோழித்தீவனக் கம்பெனி பண்ணைக்காரர்களை ஜோடியாக அழைத்துப்போகிறது. ஐந்து நாள் சுற்றுலா. கோழிகளை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. இந்த முறை பண்ணையைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

மாலையில் பெட்டி அடுக்கும்போது அப்பா கேட்டார். “கப்பல்லயும் முட்டை குடுப்பாங்களாமா? நம்மூரு முட்டையான்னு விசாரிக்கோணும்.”

“அங்க போயுமா முட்டை? பேசாம கடலப் பாருங்க” என்று அம்மா சிரித்தாள்.

அவர் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அஞ்சே நாளு சாமி. அப்பறம் வெட்டட்டும், கீறட்டும். இப்பச் சொன்னீன்னா உங்கப்பா ஏறவே மாட்டாரு.”

ஐந்து நாளில் ஒரு கட்டி எவ்வளவு வளரும்? நேற்றிலிருந்து நான் தேடிப் படித்த எதிலும் அது இல்லை. சொன்னாலும் தவறு, சொல்லாவிட்டாலும் தவறு. அம்மாவின் சிரிப்பு மட்டும் பொய்யில்லை.

அவர்கள் திரும்பும் நாளுக்கு மறுநாள் காலைக்கு, மருத்துவமனையில் அம்மாவின் பெயரைச் செல்போன் வழியாகப் பதிவு செய்தேன்.