கோட்டை விட்டது யார்?

என் இரண்டு பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் என் குரல் தெருவரை கேட்கும். அதனால் எழுதி உங்கள் டிரைவர் சட்டைப் பையில் வைக்கிறேன்.

நேற்று மூன்றாவது பிள்ளை உண்டாகியிருப்பது உறுதியானதும், "நாள் பாத்துத்தானே இருந்தீங்க, அப்புறம் எப்படிம்மா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் சிரித்துக்கொண்டே, "இவதான் கணக்குல கோட்டை விட்டுட்டா டாக்டர்" என்றீர்கள். அவரும் சிரித்தார்.

நானா கோட்டை விட்டேன்? தினமும் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு கிடப்பவள் நான். உடம்பு காட்டும் அறிகுறிகளைப் பார்த்து, கரு தங்கக்கூடிய நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையால் சுழிப்பவளும் நான்தான். அன்றைக்கும் சுழித்திருந்தது. "இன்னைக்கு வேணாங்க" என்று வாய்விட்டும் சொன்னேன். "ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது" என்றது யார்? போன பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரும்பாடு என்று தெரிந்தவர்தானே நீங்கள்?

உங்கள் டிப்போவில் ஒருவர், கண்டக்டர் விசிலடித்தும் நிறுத்தாமல் பஸ்ஸைப் பின்னால் எடுத்துச் சுவரில் இடித்துவிட்டு, கண்டக்டர் மேலேயே பழியைப் போட்டாரே. "அந்த ஆளோட இனிமே ஒரு டீ கூட குடிக்க மாட்டேன்" என்று வீட்டுக்கு வந்து குதித்தீர்கள். இன்றுவரை குடிக்கவும் இல்லை.

டாக்டரிடம் போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வாருங்கள். அதுவரை உங்கள் டீயை நீங்களே போட்டு, தனியாக உட்கார்ந்து குடியுங்கள்.

அன்று விசிலடித்தவள்