காய்கள் இல்லாத பலகை

பிப்ரவரி 4
பலகை இன்றும் காலி. கட்டங்கள் எல்லாம் இருக்கின்றன, ஒரு காய்கூட இல்லை. மகளுக்கு வேலை அதிகமாக இருக்கும், இன்னும் காய்களை அடுக்கியிருக்க மாட்டாள். அவசரப்படுத்தக் கூடாது.

தொலைபேசியில் நாங்கள் "சாப்டாச்சா"வைத் தாண்டுவதில்லை. அவள் அம்மா இருந்தவரை பேச்செல்லாம் அம்மாவுடையது. நான் பக்கத்தில் நின்று "நான் கேட்டேன்னு சொல்லு" என்பதோடு சரி. போன மாதம் மகள்தான் வழி சொன்னாள். "பேச வரலன்னா பரவால்லப்பா, செஸ் ஆடலாம். தினம் ஒரு நகர்த்தல். நானே இணையத்துல ஒரு பக்கம் செஞ்சு வைக்கிறேன், திறந்து பாருங்க, போதும்."

திறந்து பார்க்கிறேன்.

பிப்ரவரி 7
காலி.

பிப்ரவரி 9
கணினியின் விசிறி இரைந்தது. பழுதுபார்ப்பவர் வந்து தூசி தட்டினார். "அந்தப் பூட்ட இன்னுமா எடுக்கல சார்?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் எழுத்தும் படமும் மட்டும் வருவதில்லை. எங்கோ இருக்கும் சர்வர் ஒரு நிரலையும் சேர்த்து அனுப்புகிறது. அது நம் கணினியில் உட்கார்ந்து வேலை செய்கிறது. யார் எழுதியது, என்ன செய்யும் — யாருக்குத் தெரியும்? கணினி வாங்கிய அன்றே அத்தனையையும் தடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்; அவர் பூட்டு என்றது அதைத்தான். வேலையில் இருந்த காலத்தில், கணினி மையத்தில் என் பொறுப்பில் இருந்த இயந்திரத்தில், நான் வரி வரியாகப் படிக்காத நிரல் எதுவும் ஏறியதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சோதனைச்சாவடி' என்பார்கள்.

"பாதிப் பக்கம் வேலை செய்யாதே சார்."

மீதிப் பாதி போதும் என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அதன்பின் வீட்டில் விசிறியின் இரைச்சல்கூட இல்லை.

பிப்ரவரி 15
காலி. அவள் எண்ணைத் தட்டி, மணி ஒலிக்குமுன் வைத்துவிட்டேன். நினைவூட்டினால் நச்சரிப்பு ஆகாதா? அன்று ஏதோ மனது கேட்காமல் சொல்லியிருப்பாள். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனோ.

பிப்ரவரி 20
தம்பி அழைத்தான். வழக்கமான கேலி இல்லை.

"அண்ணா, உம் பொண்ணு எங்கிட்ட அழுதா."

அவள் முதல் நாளே காயை நகர்த்திவிட்டாளாம். நான் தினமும் காலையில் வந்துபோவது அவளுடைய சர்வரில் பதிவாகிறதாம். வருகிறேன், பார்க்கிறேன், பதிலுக்கு ஒன்றும் செய்யாமல் போகிறேன். "அப்பாவுக்கு எம்மேல என்ன வருத்தம் சித்தப்பா?" என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையோடு அந்தப் பக்கத்தை எடுத்துவிடப் போகிறாளாம்.

"பலகையில ஒரு காயும் இல்லடா" என்றேன்.

"கண்ணாடி போட்டுட்டுத்தான் பாத்தியா?"

போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். காலி. போனது கண்ணா, புத்தியா?

அதே நாள், மாலை
புத்திதான். பலகை வெறும் படம், அது வந்துவிடுகிறது. காய்களை அடுக்குவது நிரல். அது இங்கே, என் கணினியில் ஓடினால்தான் காய் தெரியும். அதைத்தான் நான் ஓட விடவில்லையே. நான் பக்கத்தைக் கேட்டது மட்டுமே அவள் சர்வருக்குத் தெரியும். அய்யோ — பொண்ணு வாசல்ல வந்து நிக்குது, நான் உள்ள தாழ்ப்பாளப் போட்டுட்டு, இன்னும் வரலியேன்னு உக்காந்திருக்கேன்.

பூட்டை எடுக்கப் போனேன். பெற்ற மகள் அனுப்பியதற்கே கை வரவில்லை. என்ன மனிதன் நான்?

பிப்ரவரி 21
நிரலை ஓட்டாமலே படிக்க முடியும். நாள் முழுதும் படித்தேன். எனக்குப் பழகாத மொழி. கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டாத குறை. ஆனால் தெளிவாக எழுதுகிறாள், வளவளப்பு இல்லை. என் கோப்பு எதையும் அது தொடவில்லை. எந்தக் காய் எங்கே போகலாம் என்று பார்க்கிறது, அவளிடம் சொல்கிறது, அவ்வளவுதான்.

என் பக்கத்துக் காய்களுக்கு அவள் இட்ட பெயர் 'அப்பா'. தன் பக்கத்துக்கு 'குட்டி'.

அவளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. அந்த வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

ஒரே ஒரு குறை. நிரல் ஓடாவிட்டால் பார்ப்பவருக்கு ஓர் அறிவிப்பு வர வேண்டும், அதை வைக்கவில்லை. இப்படியும் ஒருவர் பூட்டிக்கொண்டு இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

பிப்ரவரி 22, ஞாயிறு
அவளுடைய பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். மற்றவை பூட்டியே இருக்கட்டும்.

காய்கள் வந்து வரிசையாக நின்றன. அவளுடைய சிப்பாய் ஒன்று மட்டும் முன்னால், தனியாக. என் சிப்பாயை அதற்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். நல்ல நகர்த்தலா, தெரியாது.

கை எடுப்பதற்குள் தொலைபேசி. "அப்பா?" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அறிவிப்பு ஒண்ணு வைக்காம விட்டுட்ட, குட்டி."

மார்ச் 3
குதிரையை இழந்தேன். ஈவிரக்கமே இல்லை அவளுக்கு. அழைத்தவள் சாப்டாச்சா என்று கேட்கவில்லை, "குதிரைய ஏம்ப்பா அங்க கொண்டுபோய் விட்டீங்க?" என்றாள். ஏன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று.